அப்பாவின் கிரீஸ் கன்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு விடுதி அறைக்கு வந்த பேரவைச் செயலாளரிடம், "எனக்குக் கவிதையெல்லாம் வராதுடா" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு வருவது டிராக்டர். அதிலும் குறிப்பாக டிராக்டரின் முன் ஆக்ஸில். எனவே நட்பு, காதல், அன்னையின் பாசம் என்று மணக்கும் பக்கங்களுக்கு நடுவே இந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரியின் கடைமடை. சொந்த நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றரை மாதான். ஒரு மா என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்; ஆக அரை ஏக்கர். அதை வைத்து யாரும் சாப்பிட முடியாது. எங்களைச் சாப்பிட வைப்பது அப்பாவின் டிராக்டர். 1988-ஆம் வருட வண்டி. ஊரில் எல்லோரும் 'மாசி' என்று கூப்பிடும் சிவப்பு நிற மாஸி பெர்குசன். மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின், பவர் ஸ்டியரிங் கிடையாது. என்னை விட வயதில் மூத்தது! அப்பா அதை 2009-இல் மூன்றாம் கையாக வாங்கினார். கூலிக்குச் சேற்றுழவு அடிப்பது, வைக்கோல் ஏற்றுவது, செங்கல் ஏற்றுவது என்று எல்லாமே அதுதான். நான் டிப்ளமோ சேர்ந்த முதல் வருட ஃபீஸும் அது உழுததுதான்.

2023 மே மாதம் நாலாவது செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்குப் போனேன். அந்த வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஜூன் 12-இல் அணை திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டு என்றால் உழவு உண்டு. அப்பாவிடம் ஏற்கெனவே நாலு பேர் தேதி வாங்கிவிட்டார்கள். வண்டிதான் சரியில்லை.

"ரோட்டுல போனா நேரா போவ மாட்டேங்குதுடா. ஒரு பக்கமா இழுக்குது. அப்புறம் தானா இந்தப் பக்கம் வருது" என்றார் அப்பா.

ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். இன்னொருவர் சொன்னதைக் கேட்டு டை ராடு எண்ட் நாலும் புதுசு போட்டாயிற்று. பணம் போனதுதான் மிச்சம். அதற்கும் மேலாக, ஒரு வாரம் முன்னால் வாய்க்கால் கரையில் டிரெய்லரோடு வரும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு, வண்டி தானாகக் கரை ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. மட்கார்டில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். அப்பா ஸ்டியரிங்கை ஒடித்து, பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது முன் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. இதை அப்பா எனக்குச் சொல்லவில்லை. தம்பி ராத்திரி படுக்கையில் சொன்னான்.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்தேன். இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் மன்னிக்கவும்.

காருக்கு முன்னால் ஸ்பிரிங் உண்டு. எங்கள் மாசி போன்ற பழைய டிராக்டருக்குக் கிடையாது. வரப்பு ஏறி இறங்கும்போது ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் பள்ளத்திலே நிற்க வேண்டும். ஆனால் வண்டி முறுக்கிக்கொள்ளக் கூடாது. அதற்காக முன் ஆக்ஸிலை நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்க விட்டிருக்கிறார்கள். பட்டறைப் பாஷையில் சென்டர் பின். பிள்ளைகள் ஏறி ஆடும் ஏற்றப் பலகை மாதிரி ஆக்ஸில் அந்தப் பின்னைச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இந்த ஒரு பின். உண்மையில் டிராக்டர் நாலு காலில் நிற்கவில்லை. முக்காலி மாதிரி மூன்று புள்ளியில்தான் நிற்கிறது. வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒற்றைப் பின்னின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின் ஆக்ஸிலோடு நேராக உரசித் தேயாமல் இருக்க, ஆக்ஸிலின் துளைக்குள் ஒரு கன்மெட்டல் புஷ். தேய வேண்டியது புஷ்தான். அதற்குத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் புஷ் தேய்ந்துவிட்டால் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடுவதோடு நிற்காது. முன்னும் பின்னுமாகத் திருகும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பிகள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது, ஆக்ஸில் மட்டும் நகர்ந்தால் என்ன ஆகும்? நாம் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும்! வாய்க்கால் கரையில் நடந்தது அதுதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் எடை முழுவதும் பின்னின் மேல் உட்கார்ந்து ஆட்டத்தை மறைத்துவிடும். என்ஜினுக்கு அடியில் வைத்துத் தூக்கினேன். சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. பின்னுக்குப் பக்கத்தில் ஆக்ஸிலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். ஆக்ஸில் 'லொடக்' என்று மேலே எழுந்தது. கண்ணால் பார்க்கக் கூடிய ஆட்டம்! ஸ்டியரிங் பாக்ஸ் பாவம், நன்றாகவே இருந்தது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன். எழுதவே கை கூசுகிறது.

அன்று சாயங்காலம் அப்பாவோடு டீக்கடைக்குப் போனேன். உழவுக்குத் தேதி வாங்கியவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். "என்ன, வண்டி ரெடியாயிடுமா?" என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சென்டர் பின் புஷ் போயிடுச்சுங்க. ஒழுங்கா கிரீஸ் அடிச்சிருந்தா இது ஆவாது. சேத்துல இறக்குற வண்டிக்குத் தினம் கிரீஸ் அடிக்கணும். அடிக்காம விட்டா அப்புறம் இப்படித்தான்."

"நான் தெனமும் அடிக்கிறேன்டா. கன் முட்டுது, உள்ள போவ மாட்டேங்குது. நிப்பிளைக்கூட ரெண்டு தடவ மாத்திட்டேன்" என்றார் அப்பா மெதுவாக.

"அடிச்சா எப்படிப்பா தேயும்?" என்றேன் நான். சத்தமாகவே கேட்டேன்.

"படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவர் சிரித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதி டீயைக் கிளாஸோடு பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும், "நீயே மாத்திடுவியா?" என்று மட்டும் கேட்டார். "மாத்திடுவேன்" என்றேன். மூன்று நாள் கெடு. மெக்கானிக் கூலி மிச்சமாகும் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் புஷ்ஷை மட்டும் கொடுக்க மறுத்தார். "பின்னையும் சேத்து மாத்து தம்பி. தேஞ்ச பின்னுல புது புஷ் போட்டா ஒரு போகம்கூடத் தாங்காது" என்றார். வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். பின்னைக் கழற்றிய பிறகுதான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அதன் அடிப்பக்கம் படி வெட்டியதுபோல் தேய்ந்திருந்தது. விரலால் தடவினாலே தெரியும்.

கழற்றுகிற வேலையில் பயம் ஒன்றே ஒன்றுதான். வண்டியின் முன்பக்கம் முழுவதும் அந்தரத்தில் நிற்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் அடை கொடுத்தேன். எங்கள் வண்டியின் ஆயில் சம்ப் வார்ப்பிரும்பு. அதனால் அதன் அடியில் கனமான பலகை வைத்து ஜாக்கி கொடுக்க முடிந்தது. தகரச் சம்ப் உள்ள என்ஜினில் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள், நசுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று எங்கள் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். செங்கல் அடுக்கலாம் என்றான் தம்பி. செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியை அதன் மேல் உட்கார வைத்தோம். அப்புறம்தான் அடியில் போனேன்.

ஸ்டியரிங் கம்பிகளைக் கழற்றியாயிற்று. சென்டர் பின்னைப் பூட்டும் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. ராத்திரி முழுக்க டீசலில் ஊற வைத்து, காலையில் ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுத்தபோது 'கிறீச்' என்று அழுதுகொண்டே வந்தது. பின்னைப் பித்தளைக் கட்டை வைத்துத் தட்டி வெளியே எடுத்தோம். சக்கரத்தோடு சேர்த்து ஆக்ஸிலை முன்னால் உருட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் பின் இல்லாத ஆக்ஸில் சக்கரத்தைச் சுற்றிக் கவிழும். ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பிடித்தது அப்பா. டீக்கடை விஷயத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு, "பிடிங்க", "விடு", "பாத்து" இவ்வளவுதான்.

ஆக்ஸில் மரத்தடிக்கு வந்தது. துளைக்குள் இருந்த கறுப்பு மசியைத் துணியால் துடைத்தேன். கிரீஸ் இல்லை, காய்ந்த சேறும் கன்மெட்டல் பொடியும். கீழ்ப்பக்கம் புஷ் காகிதம் போல் ஆகியிருந்தது. வெர்னியரை வைத்து அளந்தேன். பக்கவாட்டில் ஒரு அளவு, மேலும் கீழும் இன்னொரு அளவு. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல்! "பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

பழைய புஷ்ஷை எடுக்க, ஹேக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்து, பிரேமில் மாட்டி, புஷ்ஷை மட்டும் நீளவாக்கில் அறுக்க வேண்டும். ஆக்ஸிலில் பிளேடு படக் கூடாது. இரண்டு இடத்தில் அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கினால் தானாகக் கழன்றுவிடும். ஒரு மணி நேரம் ஆனது. கையில் விழுந்த புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் போக அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஆனால், அந்த ஓட்டை நிப்பிள் இருக்கும் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்து, அறுப்பதற்கு முன் இருந்த மாதிரி துளையில் வைத்துப் பார்த்தேன். நிப்பிளுக்கு நேரே வழவழவென்று மூடிய கன்மெட்டல் சுவர். அதில் வட்டமாக ஒரு பழைய கிரீஸ் கறை. பல வருடமாக அப்பா அடித்த கிரீஸ் அவ்வளவும் அந்தச் சுவரில் வந்து முட்டி, நிப்பிள் வழியாகவே திரும்பி வழிந்திருக்கிறது!

2016-இல் புஷ் மாற்றியதாக அப்பா சொல்லியிருந்தார். உழவு நடுவில் வண்டி நின்று, அவசரத்தில் யாரோ ஒருவர் வயலிலேயே சம்மட்டியால் அடித்து ஏற்றிய புஷ். ஓட்டையைப் பார்த்து வைக்கவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. இருட்டில், சேற்றில் நின்றுகொண்டு யாரும் செய்யக் கூடிய தப்புதான். அப்பா தினமும் கன்னை எடுத்துக்கொண்டு போய்க் கை வலிக்க வலிக்க அடித்தாரே, 'கன் முட்டுது' என்று சொன்னாரே! அதுதான் உண்மையான நோய்க்குறி. டை ராடு கடைக்காரர் காதில் அது விழவில்லை. இரண்டு வருடம் மெக்கானிக்கல் படித்த என் காதிலும் விழவில்லை.

அப்பா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். புஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஓட்டை மாறிப் போட்டுருக்காங்கப்பா. நீங்க அடிச்சது உள்ளேயே போகலை."

வாங்கிப் பார்த்தார். கட்டை விரலால் ஓட்டையைத் தடவினார். "அதான முட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை.

புதுப் புஷ் ஏற்றும்போது சம்மட்டி பக்கமே போகவில்லை. நீளமான திரெட் ராடு, இரண்டு பக்கமும் கனமான வாஷர், நட்டு. நட்டை முறுக்க முறுக்கப் புஷ் நேராக உள்ளே இழுபடும். அடித்தால் கோணலாக ஏறும், விளிம்பு பிதுங்கும். புஷ்ஷின் முகத்தில் ஓட்டைக்கு நேராக ஒரு கோடு கீறினேன். ஆக்ஸிலில் நிப்பிளுக்கு நேராக இன்னொரு கோடு. இரண்டு கோடும் சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்து முறுக்கினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஏறியதும், "கொஞ்சம் நில்லு" என்றார். குனிந்து பார்த்தார். "ம், போ" என்றார்.

முழுவதும் ஏறிய பிறகு புதுப் பின்னை எடுத்து நுழைத்தால், நுழையவில்லை! கடையில் வாங்கும்போது அதே பின் அதே புஷ்ஷில் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா முகம் மாறிவிட்டது. "அளவு தப்பா குடுத்துட்டானா? ரெண்டு தட்டு தட்டினா போயிடும்" என்று சுத்தியலைத் தேடினார்.

இங்கேதான் மெஷின் டிராயிங் வகுப்பு எனக்குக் கை கொடுத்தது. எச் 7 பி 6 என்று மனப்பாடம் செய்து, எதற்கு என்றே தெரியாமல் பரீட்சையில் எழுதி வைத்தேனே, அந்த இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்! துளையை விடக் கொஞ்சம் பெரிய புஷ்ஷை அழுத்தி ஏற்றினால்தான் அது சுற்றாமல் நிற்கும். வெளியே அழுத்தினால் உள்ளே சுருங்கத்தானே வேண்டும்? "அளவு சரிதாம்பா. ஏத்தினதும் சுருங்கும். ரீமர் போடணும்" என்றேன். மன்னார்குடி லேத் பட்டறையில் அட்ஜஸ்டபிள் ரீமர் கேட்டு வாங்கி வந்தேன். ஆதார் அட்டையை அடமானமாக வைத்துத்தான் கொடுத்தார்கள்! ரீமரைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அதே பக்கம்தான். திருப்பிச் சுற்றினால் வெட்டு முனை மழுங்கும், துளையில் கீறல் விழும். மயிரிழை மயிரிழையாக விரித்து, ஒவ்வொரு தடவையும் பின்னை நுழைத்துப் பார்த்து, அது உள்ளங்கையால் தள்ளினால் போகிற அளவுக்கு வந்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது.

பின்னை மாட்டப் போனேன். அப்பா தடுத்தார். கிரீஸ் கன்னை எடுத்து வந்து, பின் இல்லாத வெறும் துளையிலேயே நிப்பிளில் மாட்டி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் புஷ்ஷின் உள்ளே, ஓட்டையிலிருந்து மஞ்சள் கிரீஸ் புழு மாதிரி நெளிந்துகொண்டு வந்தது. அப்பா இன்னும் இரண்டு தடவை அடித்தார். தேவையே இல்லை; ஆனாலும் அடித்தார். செல்போன் வெளிச்சத்தில் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். தம்பிதான் முதலில் சிரித்தான்.

மறுநாள் ஆக்ஸிலை உருட்டிக் கொண்டுபோய் மாட்டி, முன் பின் ஆட்டத்துக்கு ஷிம் வைத்து, போல்ட்டைப் பூட்டி, சக்கரங்களின் டோ-இன் அளந்து கம்பிகளைச் சரிசெய்தோம். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும். சென்டர் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியுங்கள். வண்டி தரையில் நின்றால் எடை முழுவதும் பின்னைப் புஷ்ஷின் அடிப்பக்கத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். கிரீஸ் சுலபமான பக்கமாக வெளியே போய்விடும். தேய்கிற பக்கத்துக்குப் போகாது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கிய நாளில், பழைய கிரீஸோடு சேறும் சேர்ந்து பிதுங்கி, புதுக் கிரீஸ் வெளியே தெரிகிற வரைக்கும் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் அப்பா வண்டியை ரோட்டில் விட்டுப் பார்த்தார். நான் மட்கார்டில். வாய்க்கால் கரைக்குத்தான் போனார். அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி கோடு போட்ட மாதிரி போனது.

திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு இருந்தவர்களில் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய புஷ் துண்டுகளை பெஞ்சில் வைத்தேன். ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது, எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று காட்டினேன். "அப்பா தினமும் கிரீஸ் அடிச்சுருக்காங்க. நான்தான் தெரியாம பேசிட்டேன்" என்றேன். தொண்டை கொஞ்சம் அடைத்தது. அவர் புஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்ப வெள்ளிக்கிழம நம்ம வயலுக்கு வந்துடும்ல?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு!

"வந்துடும்" என்றார் அப்பா. டீயை முழுசாகக் குடித்தார். எழுந்து போகும்போது பெஞ்சில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வை. கன்மெட்டல். பேரீச்சம்பழக்காரன் வந்தா போடலாம்."

இன்னும் போடவில்லை. விடுதியில் என் மேசை டிராயரில் இருக்கிறது.